மதகு தாண்டி துருவா

காலை ஆறு மணிக்கு ஜன்னல் வழியாக ஒரு நாக்கு நீண்டு வந்து சுலோசனாவின் கன்னத்தை நக்கியது.

அலறி எழுந்தவள், அரையடி தூரத்தில் ஒரு செவலைப் பசுவின் முகத்தைப் பார்த்தாள். அது நலம் விசாரிக்க வந்த சொந்தக்காரி மாதிரி நின்றது. முப்பத்திரண்டு வருஷம் நர்ஸாக இருந்து ஆயிரம் பேரைத் தட்டி எழுப்பியவள் அவள். அவளை யாரும் இப்படி எழுப்பியதில்லை.

"சக்கரபாணிதானே உன்னை அனுப்பினான்?"

பசு மறுபடியும் நக்கியது. அதை அவள் ஆமாம் என்றே எடுத்துக்கொண்டாள்.

சக்கரபாணி அவளுடைய தம்பி. மில்லில் வேலை பார்த்த அப்பா, பிள்ளைகள் பிறப்பதற்கு முன்பே வில்லியனூர் பக்கம் ஒரு காணி நிலம் வாங்கிப் போட்டிருந்தார். வாங்கியதோடு சரி. டவுனில் வளர்ந்த பிள்ளைகள் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. இப்போது தம்பிக்கு அதை மனை போட்டு விற்க வேண்டும். அக்காவுக்கு அதில் ஒரு வீடு கட்டிக் கடைசிவரை அங்கேயே இருக்க வேண்டும். கோர்ட்டுக்குப் போனார்கள். வழக்கு முடியும்வரை அந்த நிலத்தில் யாரும் எந்தக் கட்டடமும் கட்டக் கூடாது என்று உத்தரவு வந்தது. சக்கரபாணி தெருவுக்கே லட்டு கொடுத்தான்.

அந்த லட்டுதான் சுலோசனாவைக் கிளப்பிவிட்டது. மறு வாரமே சென்னைக்குப் போய், ஒரு சினிமா கம்பெனி கழித்துப்போட்ட கேரவனை வாங்கிவிட்டாள். உள்ளே கட்டில், அடுப்பு, ஏசி, சுற்றிலும் பல்பு வைத்த ஆளுயரக் கண்ணாடி எல்லாம் இருந்தன.

"கட்டடம்தானே கட்டக் கூடாது? நான் கட்டல. நிறுத்தியிருக்கேன்" என்று வக்கீலிடம் சொன்னாள். வக்கீல் சட்டப் புத்தகத்தைத் திறந்தார், யோசித்தார், மூடிவிட்டார்.

இடம் கண்டுபிடிப்பதும் பெரிய வேலையாக இல்லை. பத்திரம் பிரெஞ்சுக்காரன் காலத்து நொத்தேர் என்கிற பத்திர அதிகாரி எழுதியது, முழுக்கப் பிரெஞ்சு. சுலோசனா பள்ளிக்கூடத்தில் இரண்டு வருஷம் பிரெஞ்சு படித்தவள். மூலக்குளம் தாண்டியதும் டிரைவர் வழி கேட்டபோது பத்திரத்தை விரித்துப் படித்தாள்.

"மதகு தாண்டி துருவா. துருவான்னா நேரா. நீ நேரா விடுப்பா."

அந்தச் சொல்லின் வாலைக் கரையான் தின்றிருந்தது. ஒரு எழுத்தில் என்ன குடி முழுகிவிடும் என்று விட்டுவிட்டாள்.

மதகுக்கு நேரே நிலம் பச்சைப்பசேல் என்று இருந்தது. தீவனப்புல், நாலு தென்னை, மாட்டுக்கொட்டகை. அப்பா சும்மா வாங்கவில்லை என்று அவளுக்குப் பெருமை பொங்கியது. கொட்டகையிலிருந்து வசந்தா என்றொரு பெண் ஓடி வந்து, வாயைப் பிளந்துகொண்டு கேரவனைச் சுற்றிப் பார்த்தாள். தம்பி குத்தகைக்கு விட்ட ஆள் என்று சுலோசனா முடிவு கட்டினாள்.

"எத்தினி நாளும்மா இங்க?" என்றாள் வசந்தா.

"தீர்ப்பு வர்ற வரைக்கும்!"

"கோர்ட்டுக் கதையா? அப்போ கடைசில நல்ல தீர்ப்பாத்தாம்மா இருக்கும்."

நல்ல மனசுக்காரி என்று நினைத்துக்கொண்டாள் சுலோசனா.

மனிதர்களால் பிரச்சினையில்லை. ஆடு மாடுகளால்தான். பசுவை விரட்ட ஒரு வாழைப்பழம் கொடுத்தாள். மறுநாள் அது கன்றையும் கூட்டிக்கொண்டு வந்தது. ஜன்னலைச் சாத்தி ஏசியைப் போட்டாள். வெளியே தண்ணீர் சொட்டும் இடத்தில் வான்கோழி குடும்பத்தோடு குடியேறியது. காற்றுக்காகக் கதவைத் திறந்தால் கிடா ஆடு உள்ளே வந்து, பல்புக் கண்ணாடிக்கு முன்னால் நின்று தன் அழகை இப்படியும் அப்படியும் பார்த்தது. திடீரென்று எதிரே நின்ற ஆட்டின் மேல் என்ன கோபமோ, முட்டியது. நாலு பல்பு போயிற்று.

"எல்லாம் அவன் ஏற்பாடு. நான் அசைய மாட்டேன்!" என்று ஆட்டிடம் சொன்னாள்.

வலப்பக்கம் ஒரு நிலம் வேலிகாத்தான் முள் மண்டி, பாம்புப் புற்றும் குப்பையுமாய்க் கிடந்தது. அங்கிருந்து முள்ளை வெட்டிவந்து கேரவனைச் சுற்றி வேலி போட்டாள். வேலிகாத்தான் காய் என்றால் ஆட்டுக்கு அல்வா. சாயங்காலத்துக்குள் அக்கம்பக்கத்து ஆடுகளெல்லாம் வந்து வேலியைத் தின்றுவிட்டு, அங்கேயே படுத்து அசைபோட்டன.

நாலாம் நாள் சக்கரபாணி காரில் வந்து இறங்கினான். அக்கா எங்கே நிற்கிறாளோ அதுதான் நிலம் என்பதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை. அவனுக்குப் பிரெஞ்சு வராது.

"வண்டிய எடுக்கா!"

"மாட்டேன். எங்கப்பா மண்ணு இது!"

"எனக்கும் அவருதான் அப்பா!"

"அப்படின்னா அவரு மண்ணை ஏன்டா கூறு போட்டு விக்கிற? என் பொணம்தான் இங்கேர்ந்து போவும்!"

படபடவென்று கைதட்டல். திரும்பிப் பார்த்தால் ஊரே வரப்பில் நின்றது. ஒரு கிழவர் விசில் அடித்தார்.

"அம்மா, நல்லா பண்றீங்க! சாரு கொஞ்சம் சத்தமாப் பேசணும்" என்றாள் வசந்தா.

சுலோசனாவுக்குக் கண் கலங்கியது. ஊர் தன் பக்கம். சக்கரபாணிக்கு முகம் செத்துப்போயிற்று. "குத்தகைக்கு ஆள் வெச்சதும் இல்லாம கைதட்டவும் ஆள் வெச்சிருக்கியா?" என்று முணுமுணுத்துக்கொண்டு பின்வாங்கினவன், வலப்பக்கத்து முள்ளில் மாட்டி வேட்டியைக் கிழித்துக்கொண்டான்.

"எந்தச் சோம்பேறியோட நெலம்டா இது!" என்று கத்தினான்.

"அத நானும் கேக்கணும்னு இருந்தேன். ராத்திரியெல்லாம் பாம்பு பயம். நெலத்த வெச்சிக்கிட்டு இப்படிப் போட்டு வெக்கிறவனுக்கெல்லாம் எதுக்கு நெலம்?"

பதினோரு வருஷச் சண்டையில் முதல் முறையாக இருவரும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனார்கள். கேரவன் படியில் உட்கார்ந்து கொம்யூன் பஞ்சாயத்துக்கு ஒரு பெட்டிசன் எழுதினார்கள். 'பொறுப்பற்ற மேற்படி நிலத்துக்காரர் மீது சிறிதும் தயவு தாட்சண்யமின்றிக் கடும் நடவடிக்கை எடுக்க வேண்டும்.' சுலோசனா எழுத, 'கடும்' என்ற சொல்லைச் சேர்த்தவன் சக்கரபாணி. இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். பிறகு மறுபடி சண்டை போட்டுக்கொண்டு பிரிந்தார்கள்.

அதற்கப்புறம் சுலோசனா விரட்டுவதை விட்டுவிட்டாள். சாயங்காலமானால் படியில் உட்காருவாள். பசு வந்து அவள் மடியில் தலையைச் சாய்க்கும். வான்கோழி காலடியில் உட்காரும். டவுன் வீட்டில் மாத்திரை போட்டும் வராத தூக்கம் இங்கே படுத்ததும் வந்தது. தான் சந்தோஷமாக இருப்பது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

"மண்ணுக்குத் தெரியுது வசந்தா, நான் யாருன்னு."

"இதையும் சேத்துச் சொல்லுங்கம்மா, நல்லாருக்கும்" என்றாள் வசந்தா.

பத்தாம் நாள் காலையில் சக்கரபாணி பெட்டிசன் நகலும் கையுமாக வெற்றிக் களையோடு வந்தான். "பெட்டிசன் வேலை செஞ்சிடுச்சுக்கா! திங்கக்கெழம நேர்ல வந்து பாக்குறாங்களாம். அந்த ஆளு தொலைஞ்சான்."

அதே நேரத்தில் வசந்தாவின் புருஷன் முருகையன் கையில் பையோடு மதகைத் தாண்டி வந்தான். டவுனில் ஒரு பிரெஞ்சுத் தம்பதிக்கு டிரைவர். அவர்களை ஏற்றிக்கொண்டு கேரளா போனவன் அன்றுதான் திரும்பியிருந்தான். கேரவனைப் பார்த்ததும் பையைக் கீழே வைத்தான்.

"என்னாடி இது?"

"என்னைக் கேக்குற? நீதானய்யா ஷூட்டிங்குக்கு விட்டிருக்க?"

"நானா?"

"என்ன ஷூட்டிங்கு?" என்று சுலோசனா படியிறங்கி வந்தாள். "இது எங்கப்பா நெலம். இந்தா பத்திரம். நல்லாப் பாத்துக்க. எந்தக் கோர்ட்டு சொன்னாலும் இங்கேர்ந்து ஒரு அடி நகர மாட்டேன்!"

முருகையன் பத்திரத்தை வாங்கினான். கரையான் அரித்த ஓட்டையின் மேல் விரலை வைத்து எழுத்துக் கூட்டிப் படித்தான். வலப்பக்கம் பார்த்தான். சக்கரபாணியின் கையிலிருந்த பெட்டிசன் நகலைப் பார்த்தான். பிறகு ரொம்ப மரியாதையாகச் சொன்னான்:

"அம்மா, நான் இருபது வருஷமா பிரெஞ்சுக்காரங்களுக்கு வண்டி ஓட்டுறேன், 'துருவா'ன்னா நேரா, 'துருவாத்'துன்னா வலக்கைப் பக்கம், கரையான் தின்னது அந்தத் 'த்'த, நேரா இருக்கிற இது எங்க நெலம், வலக்கைப் பக்கம் நீங்க ரெண்டு பேரும் பெட்டிசன் போட்டிருக்கீங்களே, அந்த முள்ளுக்காடுதாம்மா உங்களுது."