மூன்றாம் நம்பரின் கழுத்து

எனக்குக் கோபம் வந்துவிட்டால் அறிவு ஃபெர்ரி பிடித்து வீட்டுக்குப் போய்விடும். (யாங்கோனில் ஃபெர்ரி என்றால் படகு இல்லை, தொழிற்சாலை ஆட்களை ஏற்றிக்கொண்டு போகும் பஸ்.) உடம்பு மட்டும் நாற்காலியில் உட்கார்ந்து பதில் எழுதும், கையெழுத்துப் போடும், மூத்தவர்களை அதட்டும். என் இருபத்தாறாவது வயதில், அமெரிக்காவில் நான் கண்ணால் பார்த்தே இராத பதினெட்டு ஆண்களைச் சட்டைக்குள் சிறைவைத்தது இந்தக் குணம்தான். வீட்டில் எல்லோரும் இதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

அப்போது யாங்கோன் ஓரத்து ஷ்வேப்யிதாவில் விளையாட்டு உடை தைக்கும் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தேன். வீட்டில் நான் செல்வி, அங்கே பர்மியப் பெயரில் மா தீரி. வெளிநாட்டு ஆர்டர்களுக்கு ஆங்கிலத்தில் பதில் எழுதுவது என் வேலை. மேலாளர் ஊ மின்னுக்கு ஆங்கிலம் வராது. அதனால் எனக்கு அது நன்றாக வரும் என்று அவர் நம்பினார். நானும் நம்பினேன்.

ஒருநாள் அமெரிக்காவிலிருந்து ஒரு ரக்பி கிளப்பின் ஆர்டர் வந்தது. சம்பளத்துக்கு ஆடுகிறவர்கள், ஆனால் அந்த நாட்டிலேயே பாதிப் பேருக்கு அப்படியொரு லீக் நடப்பது தெரியாதாம். உடுப்புகளுக்குப் பொறுப்பாளர் டக் என்பவர் இதையெல்லாம் முதல் மெயிலிலேயே கொட்டியிருந்தார். போன வருஷத்துச் சட்டை முதல் ஆட்டத்திலேயே முதுகுப் பக்கம் கிழிந்து, அது டிவியிலும் வந்துவிட்டதாம். இந்த முறை துணி கெட்டியாக இருக்க வேண்டும், எதிராளி பிடித்து இழுக்க முடியாதபடி உடம்போடு ஒட்டியும் இருக்க வேண்டும். ஆள் ஆளாக அளவெடுத்து அனுப்பியிருந்தார்.

எனக்கு ரக்பி பற்றி ஒன்றும் தெரியாது. தம்பி ரவியிடம் கேட்டேன். அவனுக்குத் தெரியாத விஷயமே உலகத்தில் கிடையாது.

"ஃபுட்பால்தான்க்கா. என்ன, கையால ஆடுவாங்க."

சரி, ஃபுட்பால்காரர்கள் ஒல்லியாகத்தானே இருப்பார்கள் என்று தாளைப் பார்த்தால், மூன்றாம் நம்பர் ஆட்டக்காரரின் கழுத்து இருபதரை இஞ்ச் என்று போட்டிருந்தது. இருபதரை! அன்று மாலை வீட்டில் ஒரு ஆளை விடாமல் பிடித்து வைத்துக் கழுத்தை அளந்தேன். அப்பாவுக்குப் பதினாலரை. ரவிக்குப் பதினாலு. லத்தா வட்டாரத்தில் மொத்தக் கடை வைத்திருக்கும் பெரியப்பா, எங்கள் குலத்திலேயே பெரிய உடம்பு, அவருக்கே பதினாறரை. (அளக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு கழுத்தைப் புடைத்துக் காட்டினார். பெருமை.) ஆக, இருபதரை என்பது தொடை. டக் கட்டம் மாற்றி எழுதிவிட்டார். தீர்ந்தது.

ஆனாலும் முறையாகக் கேட்டேன். "கழுத்துக் கட்டமும் தொடைக் கட்டமும் இடம் மாறியிருக்கின்றனவா?" என்று மரியாதையாக எழுதினேன். பதில் வந்தது: "ஹாஹா! இல்லை. நம் பையன்கள் பெரிய ஆட்கள். தயவுசெய்து உறுதிப்படுத்தவும்."

அந்த ஹாஹாதான் எமன். தப்பு செய்தது இவர், சிரிப்பதும் இவரா? பர்மாக்காரிக்கு டேப் பிடிக்கத் தெரியாது என்று நினைப்பா? மறுநாள் இன்னொரு மெயில்: "தயவுசெய்து உறுதிப்படுத்தவும்." அதற்கு மறுநாளும் அதே. மூன்றாவது மெயிலில் என் அறிவு ஃபெர்ரி ஏறிவிட்டது. "உறுதி" என்று ஒரே சொல்லில் பதில் அடித்தேன். பிறகு பேனாவை எடுத்து, மூன்றாம் நம்பரோடு சேர்த்து, பதினேழுக்கு மேல் போட்டிருந்த பதினெட்டுப் பேரின் கழுத்தையும் பதினேழுக்குக் குறைத்தேன். பெரியப்பாவைவிட அரை இஞ்ச் தாராளமாகவே கொடுத்திருக்கிறேன் என்று திருப்தி வேறு. அழகு கெடக்கூடாது என்று மார்பையும் கைகளையும் அதற்கேற்றபடி சுருக்கினேன்.

தாளை வெட்டும் மேஜைக்குக் கொண்டுபோனேன். அங்கே தலைமை வெட்டுக்காரர் அஞ்சலை அக்கா. மாவ்பியிலிருந்து தினமும் வருவார். இருபது வருஷமாகத் துணி வெட்டுகிறவர். தாளைப் பார்த்ததும் சாக்பீஸைக் கீழே வைத்தார்.

"தங்கச்சி, இது அடிச்சு மாத்தியிருக்கே. அவுங்ககிட்ட ஒரு வார்த்த கேட்டியா?"

"கேட்டேன்."

"என்னா சொன்னாங்க?"

"ஹாஹான்னாங்க."

"அப்டீன்னா?"

"அப்டீன்னா எனக்குத் தெரியும்னு அர்த்தம். இங்கிலீஷ் உங்களுக்குத் தெரியுமா, எனக்குத் தெரியுமா?"

இப்படித்தான் கேட்டேன். என்னைவிடப் பதினைந்து வயதாவது மூத்த ஒரு பெண்ணிடம், நான்கு பேர் முன்னால். அக்கா தாளை என் பக்கம் தள்ளினார். "மாத்துன எடத்துல எல்லாம் கையெழுத்துப் போட்டுக் குடு" என்றார். போட்டேன், பேனா தாளைக் கிழிக்கிற மாதிரி.

விதி பாருங்கள். மாதிரிக்கு முதலில் அனுப்பியது ஒன்பதாம் நம்பர் சட்டை. ரக்பியில் ஒன்பதாம் நம்பர் ஆள் பெரும்பாலும் சின்ன உருவமாம். அவர் அளவை நான் தொடவும் இல்லை. "அருமை!" என்று டக் எழுதினார். அந்த மெயிலைத் தொழிற்சாலை முழுக்க வாசித்துக் காட்டினேன். வெட்டும் மேஜைப் பக்கம் போய் இரண்டு தரம் வாசித்தேன்.

சட்டைகளெல்லாம் விமானத்தில் போயின. பத்து நாள் கழித்து டக்கிடமிருந்து ஒரு மெயில்: "அவசரமாக வீடியோவில் பேச வேண்டும். இந்த வேலையில் சம்பந்தப்பட்ட எல்லோரும் இருந்தால் நல்லது."

"நன்றி சொல்லப்போறாங்க!" என்றார் ஊ மின். (பர்மியத்தில் சொன்னதைத் தமிழில் தருகிறேன். மூலத்தில் இன்னும் ஆனந்தம்.) எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அங்கே சாயங்காலம் என்றால் இங்கே காலை ஆறரை. அதிகாலை ஃபெர்ரியிலேயே தொழிற்சாலையின் எண்பது பேரையும் வரவழைத்து, சாப்பாட்டுக் கூடத்தில் பெரிய டிவியை மாட்டி, எல்லோருக்கும் மீன்சாறு ஊற்றிய மொஹிங்கா நூடுல்ஸ் போட்டார். புது லோஞ்சிக் கைலி கட்டி, அதன் மேல் வெள்ளைச் சட்டையும் போட்டுக்கொண்டு முதல் வரிசையில் உட்கார்ந்தார். நான் மைக்கோடு டிவிக்குப் பக்கத்தில். மின்சாரமும் இருந்தது. வேண்டாத நாளில்தான் ஷ்வேப்யிதாவில் மின்சாரம் இருக்கும்.

திரையில் டக் வந்தார். முகம் தக்காளி. அவருக்குப் பின்னால் மூன்றாம் நம்பர் நின்றிருந்தார். அந்த மனிதருக்குக் கழுத்து என்று தனியாக ஒரு பாகம் இல்லை. காது முடிந்த இடத்தில் தோள் ஆரம்பித்து, கதவு அகலத்துக்கு இறங்கியது. டேப் பிடிக்காமலே எனக்குத் தெரிந்தது. இருபதரை.

"இதைப் பாருங்கள்" என்றார் டக். மூன்றாம் நம்பர் எங்கள் சட்டையைத் தலைவழியே போட்டார். காதுவரை வந்து நின்றுவிட்டது. கைகள் இரண்டும் மேலே, தலை உள்ளே. அப்படியே அறைக்குள் சுற்றி ஒரு அலமாரியில் முட்டினார்.

"என்ன சொல்றார்?" என்று கேட்டார் ஊ மின்.

எண்பது பேரும் என்னைப் பார்த்தார்கள். மொஹிங்கா கிண்ணத்தோடு அஞ்சலை அக்காவும் பார்த்தார். நான் வாயைத் திறந்தேன். வந்தது இதுதான்:

"ரொம்ப சந்தோஷமா இருக்காங்களாம்."

கைதட்டல் கூரையைப் பிளந்தது. அங்கே டக் திகைத்து நின்றார். "ஏன் கைதட்டுகிறார்கள்? அவனால் மூச்சுவிட முடியவில்லை!"

"இப்ப என்னவாம்?"

"சட்டை போட்ட குஷியில ஆடுறாராம்."

இன்னும் பலமான கைதட்டல். இரண்டு ஆட்டக்காரர்கள் ஓடிவந்து ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுத்தார்கள். சட்டை வரவில்லை. துணி அவ்வளவு கெட்டி. (அந்த ஒரு விஷயத்தில் நாங்கள் சொன்ன சொல் தவறவில்லை.) கடைசியில் மருத்துவப் பையோடு ஒரு பெண் வந்து, கத்தரிக்கோலால் எங்கள் சட்டையைக் கழுத்திலிருந்து வயிறுவரை வெட்டினார்.

ஊ மின் மெதுவாக எழுந்து நின்றார். "கத்தரிக்கோல் எதுக்கு?"

"திறப்பு விழாவாம்" என்றேன்.

டக்குக்கு ஏதோ புரிந்திருக்க வேண்டும். பேச்சை நிறுத்திவிட்டார். அளவு டேப்பை எடுத்து மூன்றாம் நம்பரின் கழுத்தைச் சுற்றிப் பிடித்து, கேமராவுக்குப் பக்கத்தில் கொண்டுவந்தார். இருபதரை. பிறகு வெட்டுப்பட்ட சட்டையின் கழுத்தை அளந்து காட்டினார். பதினேழு. எண்ணுக்கு மொழிபெயர்ப்பு தேவையில்லை. கூடத்தில் முதலில் ஒருத்தி சிரித்தாள். பிறகு எண்பது பேரும் சிரித்தார்கள்.

ஊ மின் சிரிக்கவில்லை. என்னையும் பார்க்கவில்லை. நேராக அஞ்சலை அக்காவிடம் போனார்.

"இருபது வருஷமா வெட்டுறே, அளவு பாக்கத் தெரியாதா? படிக்காத ஜனங்களை வச்சா இதுதான் கதி. நாளையிலேர்ந்து வராதே!"

சிரிப்பு நின்றது. அக்கா கிண்ணத்தைக் கீழே வைத்தார். என்னைப் பார்த்தார்.

நான் தரையைப் பார்த்தேன். அரை நிமிடம் இருக்கும். டக்கின் ஹாஹா, மேலாளரின் கத்தல், தம்பியின் ஃபுட்பால் எல்லாவற்றையும் மன்னித்துவிட்டேன். அந்த அரை நிமிடத்தை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை. இங்கிலீஷ் பேசிய வாய், பர்மியம் பேசிய வாய், ஒரு பெண்ணின் வேலை போகும்போது மூடிக்கொண்டது.

"படிக்காத ஜனங்கள்" என்று ஊ மின் இன்னொரு தரம் சொன்னார். நல்லவேளை, சொன்னார். அதில்தான் எனக்குக் கோபம் திரும்பிவந்தது.

"படிச்சவதான் பண்ணினேன்! நான்! நான் மாத்தினேன்!"

மைக் கையில் இருந்ததை மறந்துவிட்டேன். முதலில் தமிழில் கத்தினேன், ஊ மின்னுக்குப் புரியவில்லை. பர்மியத்தில் கத்தினேன். பிறகு டிவி பக்கம் திரும்பி ஆங்கிலத்தில் கத்தினேன். டக் ஒரு அடி பின்வாங்கினார். "சரி... நன்றி" என்றார் பாவம். "இரண்டு வாரத்தில் முதல் ஆட்டம். திரும்பத் தைத்துத் தர முடியுமா?"

என்னை வேலையைவிட்டு அனுப்ப ஊ மின்னால் முடியவில்லை. மெயிலுக்குப் பதில் எழுத வேறு ஆள் இல்லை. அதைவிட மோசமான தண்டனை கொடுத்தார். பதினெட்டுச் சட்டையும் தைத்து முடியும்வரை வெட்டும் மேஜையில் அஞ்சலை அக்காவுக்கு எடுபிடி. எண்பது பேர் முன்னால் அவரைப் பேசியதற்கு ஊ மின் மன்னிப்புக் கேட்டாரா என்றால், இல்லை. "சரி, வேலையப் பாரு" என்றார், அவ்வளவுதான். அதற்கும் நான் இன்றுவரை கொதிக்கிறேன்.

மூன்று நாள் அக்கா என்னோடு பேசவில்லை. கையை நீட்டினால் சாக்பீஸ், மறுபடி நீட்டினால் கத்தரி என்று நானே புரிந்துகொள்ள வேண்டும். நான்காம் நாள் மடியிலிருந்து ஒரு தாளை எடுத்து மேஜையில் போட்டார். என் கையெழுத்து. அடித்து மாற்றிய பதினெட்டு இடத்திலும்.

"இது அன்னிக்கே உங்ககிட்ட இருந்துச்சா?"

"மடியிலதான் இருந்துச்சு."

"ஏன்க்கா காட்டல? காட்டியிருந்தா அந்த ஆளு வாயே தொறந்திருக்க மாட்டாரு."

"நீயா சொல்றியான்னு பாத்தேன்." அக்கா இருபதரைக்குக் கோடு போட்டுக்கொண்டே சொன்னார். "இன்னும் கொஞ்ச நேரம் பாத்திருப்பேன். அப்புறம் எடுத்திருப்பேன். நான் ஒண்ணும் சாமி இல்ல."

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "அழுவாத, துணி கற படும்" என்றார். அதுதான் சமாதானம்.

சட்டைகள் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தன. முதல் ஆட்டம் முடிந்த மறுநாள் டக் ஒரு படம் அனுப்பினார். சேறு அப்பிய மூன்றாம் நம்பர், சட்டை எங்கும் ஒரு தையல்கூட விடாமல், இரண்டு எதிராளிகளைச் சுமந்துகொண்டு நின்றார். கீழே "சரியாக இருக்கிறது. ஹாஹா!" என்று எழுதியிருந்தார். அக்கா அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்தார். "எங்க மாவ்பில வண்டி மாட்டுக்குக்கூட இந்தக் கழுத்து கெடையாது" என்றார்.

கதை அதோடு முடிந்திருக்கலாம். ஆனால் ஃபெர்ரியில் எண்பது வாய்கள் இருந்தன. ஒரு வாரத்தில் கதை எங்கள் தெருவுக்கு வந்து, ரவியின் காதில் விழுந்தது. அவன் அதை வீட்டுச் சொத்தாக்கிவிட்டான். பானையில் சோறு அடிப்பிடித்தால், "ரொம்ப சந்தோஷமா இருக்காங்களாம்." மழையில் கூரை ஒழுகினால் அப்பா அதையே சொல்வார். பெரியப்பா ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது, டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்ட பெரியம்மாவிடமும் பெரியப்பாவே அதைத்தான் சொன்னார். (கல்லீரலைப் பற்றி.)

சரி, பிறந்த வீடுதானே, கல்யாணமாகிப் போனால் விட்டது தொல்லை என்றிருந்தேன். புகுந்த வீட்டில் முதன்முதலாக மீன்குழம்பு வைத்தேன். மாமியார் அடுப்படியிலிருந்து, "மருமக கொழம்பு எப்படிடா இருக்கு?" என்று குரல் கொடுத்தார். என் கணவர் ஒரு வாய் போட்டு, தண்ணீர்ச் செம்பைத் தடவி எடுத்து, பாதியைக் குடித்துவிட்டுச் சொன்னார்:

"ரொம்ப சந்தோஷமா இருக்காங்களாம்."

நிச்சயதார்த்தத்தன்றே ரவி சொல்லிக் கொடுத்திருக்கிறான். மாமியார் வீட்டிலும் இப்போது அதுதான் வழக்கு. என் மகளுக்கே தமிழில் முழுசாக வரும் வாக்கியம் அது ஒன்றுதான், மற்றதெல்லாம் பர்மியம்.

சிரிக்கட்டும். ஆனால் ஒன்று. அந்தக் குழம்பில் உப்பு சரியாகத்தான் இருந்தது.