குன்னம் – சென்னை, வழி: சிங்கப்பூர்

தமிழழகன் சுட்ட குண்டு சிங்கப்பூர் போய்விட்டுத் திரும்புவதற்குள், குண்டடி பட வேண்டியவன் மாடிப்படி ஏறி, கதவைச் சாத்தி, தாழ்ப்பாளும் போட்டிருந்தான்.

"பாத்தியாப்பா? இதத்தான் ஒரு மாசமா சொல்றேன்," என்று போனை அப்பாவின் மூக்குக்கு நேராக நீட்டினான்.

கொளஞ்சி மக்காச்சோளக் கதிரை உரித்துக்கொண்டே எட்டிப் பார்த்தார். "கடைசில யாரு ஜெயிச்சது?"

"நான்தான்."

"அப்பறம் என்ன நோவுது உனக்கு?"

"எரநூத்திப் பன்னெண்டு பிங்கை வச்சுக்கிட்டு ஜெயிச்சேம்ப்பா. அதான் நோவுது."

பிங் என்பது, விரல் தொட்ட சேதி விளையாட்டுக் கம்பெனியின் சர்வருக்குப் போய்ப் பதிலோடு வீடு திரும்ப ஆகும் நேரம். ஒரு நொடியை ஆயிரம் துண்டாக நறுக்கி, அதில் எத்தனை துண்டு என்று சொல்வார்கள். வசதியான ஊர்ப் பிள்ளைகளுக்கு இருபது, முப்பது. தமிழழகனுக்கு இருநூற்றுப் பன்னிரண்டு. இத்தனைக்கும் 'ரணகளம்' விளையாட்டின் சர்வர் இருப்பது சென்னையில்.

வரும் ஞாயிறு மாலை நாலு மணிக்கு இறுதிப் போட்டி. எதிரணி அரியலூர் மாவட்டத்து விக்கிரமங்கலம். ஜெயித்தால், சென்னை அணி ஒன்று தமிழழகனைத் தன்னோடு சேர்த்துக்கொள்ளும். தோற்றால், அப்பாவோடு செய்த ஒப்பந்தப்படி, மறுநாள் காலை அரியலூரில் மாமா செந்தில்குமாரின் சிமெண்ட் கடையில் வேலைக்குச் சேர வேண்டும். மாமா நம்பிக்கையுள்ள மனிதர். கடைப் பெயர் போட்ட டி-ஷர்ட்டை மருமகன் அளவுக்கு அடித்து, துவைத்து, மடித்தே வைத்துவிட்டார்.

தமிழழகன் போட்ட கணக்கு எளிமையானது. இருநூற்றுப் பன்னிரண்டு பிங்கில் இறுதிப் போட்டி வரை வந்தவன், இருபது பிங் கிடைத்தால் என்ன ஆவான்? சென்னை அணியே அவனைத் தாங்காது.

அந்தச் சேதியைச் சுமந்து போகும் பாக்கெட்டின் பாதையைக் காட்டும் செயலி ஒன்றை இறக்கிப் பார்த்தான். குன்னம், பெரம்பலூர், திருச்சி, சென்னை. அதுவரை சரி. சென்னைக்கு அப்புறம் சிங்கப்பூர். அப்புறம் மும்பை. அப்புறம் மறுபடி சென்னை. வந்த ஊரில் இறங்காமல் கடல் தாண்டிப் போய்விட்டு, வேறு வழியாகத் திரும்பி வந்து அதே ஊரில் இறங்குகிறது. அவர்கள் பரம்பரையில் சிங்கப்பூர் பார்த்த முதல் ஜீவன் தமிழழகனின் துப்பாக்கிக் குண்டுதான்.

ஊருக்கு நெட் கொடுக்கும் கேபிள்கார செல்லதுரையிடம் போனான்.

"நெட்டு வருதா இல்லியா?" என்றார் செல்லதுரை.

"வருதுண்ணே. சுத்திக்கிட்டு வருது."

"தம்பி, அரியலூர் பஸ்ஸு எத்தன ஊரச் சுத்துது? ஏறி உக்காந்துட்டு டிரைவர்கிட்டப் போயி நேராப் போன்னு சொல்லுவியா?"

"அரியலூர் பஸ்ஸு சிங்கப்பூர் போறதில்லண்ணே."

செல்லதுரைக்கு அது நியாயமாகப் பட்டது. "பாதையெல்லாம் எனக்கு மேல இருக்கற கம்பெனிக்காரன் போடறது. சொல்லிப் பாக்கறேன்," என்று போன் போட்டார். கம்பெனியில் ஒரு பெண் மோடத்தை அணைத்து முப்பது எண்ணச் சொன்னாள். எண்ணினார்கள். பிறகு அவள், "உங்களைப் புது லைனுக்கு மாத்தியிருக்கேன் சார்," என்றாள்.

புது லைனில் பிங் இருநூற்று அறுபத்து நான்கு. பாக்கெட் இப்போது சிங்கப்பூரோடு நிற்காமல் ஹாங்காங்கையும் எட்டிப் பார்த்துவிட்டு வந்தது.

"பாதைப் பிரச்சனைன்னு மொதல்லயே சொல்றதுக்கென்ன?" என்றார் கொளஞ்சி. "நம்ம காட்டுக்குப் போற வண்டிப் பாதைக்கு நான் என்ன பண்ணேன்? கலெக்டர் ஆபீஸ்ல மனு குடுத்தேன்ல?"

"பாதை வந்துச்சாப்பா?"

"பத்து வருசமா குடுத்துக்கிட்டு இருக்கேன். நாளைக்கித் திங்கக்கெழமை. மனு நாள். போயிட்டு வா."

மறுநாள் பெரம்பலூர் கலெக்டர் ஆபீஸ் வாசலில், வேப்பமர நிழலில் மேசை போட்டிருந்த சிந்தாமணி அக்காவிடம் போய் உட்கார்ந்தான். இருபது வருடமாக மனு எழுதுகிறவர். அவர் எழுதிய மனுவில் இதுவரை எவரும் ஒரு பிழை கண்டதில்லை. படித்துப் பார்த்தவர்கள் குறைவு என்பது வேறு.

"என்ன மனு?"

"பாதைங்க்கா."

"வண்டிப் பாதையா, நடைபாதையா, சுடுகாட்டுப் பாதையா?"

"நெட்டு போற பாதை."

சிந்தாமணி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "அதுல என்ன போவுது?"

"பாக்கெட்டு."

"இங்கிலீசு வேணாம். ஆட்சிமொழி தமிழு. பொட்டலம்னு போட்டுக்கறேன். எங்கேருந்து எங்க?"

"குன்னத்துலேர்ந்து சென்னைல இருக்கற சர்வருக்குங்க்கா."

"சர்வரு. பரிமாறுபவர். என்ன கஷ்டம்?"

"நேராப் போவாம சிங்கப்பூர் போயிட்டு வருதுங்க. லேட்டாவுது. கரெக்டான நேரத்துல சுட முடியல."

"யார சுடணும்?"

"விக்கிரமங்கலத்துக்காரங்க நாலு பேர."

அக்காவின் பேனா நிற்கவில்லை. புருஷனை வெட்டுவேன், மாமியாரைக் கொளுத்துவேன் என்று வருகிறவர்களுக்கெல்லாம் பணிவன்புடன் எழுதிக் கொடுத்த கை அது. ஐந்தே நிமிடத்தில் மனு தயார்.

'ஐயா, வணக்கம். நான் மேற்படி முகவரியில் வசித்து வருகிறேன். சென்னையில் உள்ள பரிமாறுபவருக்குக் குன்னத்திலிருந்து நான் அனுப்பும் பொட்டலங்கள் நேர்வழியில் செல்லாமல் சிங்கப்பூர் வழியாகச் சென்று வருவதால், என்னால் குறித்த நேரத்தில் சுட இயலவில்லை. வரும் ஞாயிறு மாலை 4.00 மணிக்கு விக்கிரமங்கலத்தைச் சேர்ந்த நால்வரைச் சுட வேண்டியிருப்பதால், சமூகம் கருணை கூர்ந்து அதற்குள் பாதையைச் சீரமைத்துத் தருமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.'

வரிசை நகர்ந்துகொண்டிருந்த அவசரத்தில் தமிழழகன் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டான். மனுவுக்கு நம்பர் விழுந்தது.

புதன்கிழமை காலை எட்டு மணிக்கு வாசலில் ஜீப் நின்றது. சப்-இன்ஸ்பெக்டர் ராஜராஜன் இறங்கினார். கூட இரண்டு போலீஸ்காரர்கள் இறங்கி, கேட்காமலே சோள மூட்டைகளைக் குத்திப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

"பொட்டலம் எங்க?" என்றார் ராஜராஜன்.

"எந்தப் பொட்டலம் சார்?"

"சிங்கப்பூர் போறது."

தமிழழகனுக்குச் சற்றுத் தாமதமாக விளங்கியது. "அதுங்களா? அது கேபிள்ல போவுது சார்."

"கேபிள்ல கட்டி விடறியா?"

"கட்டறதில்ல சார், தானா போயிரும்."

ராஜராஜன் குறித்துக்கொண்டார். "சிங்கப்பூர்ல யாரு வாங்கறது?"

"யாரும் வாங்க மாட்டாங்க சார். அங்க தொட்டுட்டுத் திரும்பி வந்துரும்."

"திரும்பி வந்துருமா? சரக்கு மட்டமா?"

"சார், அது சரக்கே இல்ல."

"அந்தப் பரிமாறுறவன் பேரு என்ன?"

கடைசியில் தமிழழகன் போனைக் கொடுத்து, எழுபது நிமிடம் விளக்கினான். ராஜராஜன் தானே ஒரு ஆட்டம் ஆடிப் பார்த்தார். நிஜத் துப்பாக்கியைப் பதினெட்டு வருடம் இடுப்பில் வைத்திருந்த மனிதர், இறங்கிய நான்காவது நொடியில் செத்தார்.

"சரி. குத்தம் ஒண்ணும் இல்ல," என்று போனைத் திருப்பிக் கொடுத்தார். "ஆனா நம்பர் விழுந்துடுச்சே தம்பி. மனுவ முடிச்சுத்தான ஆவணும்? செல்லதுரைன்னு யாரு, அவர விசாரிக்கணும். அப்பறம் விக்கிரமங்கலம் போயி அந்த நாலு பேர்ட்டயும் மனுவக் காட்டி, உன்னால உயிருக்கு ஆபத்து இல்லன்னு எழுதி வாங்கணும்."

"அவங்ககிட்ட எதுக்கு சார்? மானம் போயிரும்."

"நாலு பேரச் சுடணும்னு எழுதிக் குடுத்தது நீயா, நானா?"

செல்லதுரை வீட்டு வாசலில் ஜீப் நின்றது மொத்தம் பத்து நிமிடம். அது கிளம்பிய பதினோராவது நிமிடம் குன்னம் முழுக்க நெட்டும், கூடவே கேபிள் டீவியும் நின்றன.

"கேஸு முடியற வரைக்கும் ஒரு பொட்டலமும் போவக்கூடாது," என்றார் செல்லதுரை, கதவைப் பாதி மட்டும் திறந்து. "எனக்கு ரெண்டு பொம்பளப் புள்ளைங்க இருக்கு."

இருநூற்று அறுபத்து நான்கு என்று இருந்த பிங், இப்போது எண்ணே இல்லாமல் ஒரு கோடாக நின்றது.

வியாழக்கிழமை தெருவே வாசலில் கூடியது. எதிர்வீட்டுப் பரிமளாதான் முன்னால் நின்றார்.

"ஏந்தம்பி, நீ சிங்கப்பூருக்கு என்ன வேணா அனுப்பு. நாங்க கேட்டமா? நேத்து அந்தப் பொண்ணுக்குத் தாலி கட்டற நேரம். கையில மஞ்சக்கயித்த எடுத்தான், டீவி நின்னுபோச்சு. கட்டுனானா இல்லியான்னு தெரியாம ராத்திரி சோறு எறங்கல எனக்கு."

"கட்டியிருப்பான் அத்த."

"கட்டக்கூடாதுடா. அவன் கெட்டவன்."

கூட்டம் கலைந்ததும் கொளஞ்சி நிதானமாகச் சொன்னார். "மாமன் போன் பண்ணான். டி-ஷர்ட்டு அயர்ன் பண்ணிட்டானாம்."

வெள்ளிக்கிழமைதான் அதிசயம் தொடங்கியது. ராஜராஜன் போனில் கூப்பிட்டார். குரலில் ஒரு புது மரியாதை.

"தம்பி, உங்களுக்கு மேல யாரையாச்சும் தெரியுமா?"

"மேலன்னா? மாடி வூட்டுல யாரும் இல்லிங்க சார்."

"வெளையாடாதீங்க. மேலேருந்து ரெண்டு தடவ கேட்டுட்டாங்க. சனிக்கெழமைக்குள்ள உங்க பாதை நேராயிருக்கணுமாம். ரெண்டு மாவட்டப் பிரச்சனையாம் இது."

தமிழழகனுக்குச் சந்தோஷத்தில் சட்டையைக் கிழித்துக்கொண்டு ஓட வேண்டும் போல் இருந்தது. தன் ஆட்டத்தின் பெருமை எங்கோ பெரிய இடத்துக்கு எட்டிவிட்டது என்று முடிவு செய்தான். வேறு என்ன காரணம் இருக்க முடியும்?

சனிக்கிழமை கம்பெனி ஜீப்பில் இரண்டு இன்ஜினியர்கள் வந்தார்கள். செல்லதுரையின் அலுவலகத்தில் மடிக்கணினியைத் திறந்து, பதினைந்து நிமிடம் தட்டினார்கள். பரிமளா வீட்டு டீவிக்கு உயிர் வந்தது. பாக்கெட் குன்னத்தில் கிளம்பியது, பெரம்பலூர், திருச்சி, சென்னை, அவ்வளவுதான். சென்னையில் ஒழுங்காக இறங்கியது.

பிங் பதினான்கு.

சாயங்காலமே முத்திரையோடு பதிலும் வந்தது. 'மனுதாரரின் பொட்டலங்கள் இனி வெளிநாடு செல்லாது எனத் தெரிவித்துக்கொள்ளப்படுகிறது.'

கொளஞ்சி அதை மூன்று தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். "பத்து வருசமா நான் கேக்கற பாதைல ஒரு முள்ள வெட்டல. இவன் அஞ்சு நாள்ல சிங்கப்பூரையே ஒதுக்கிட்டான்," என்றார். மகன்மேல் அவருக்கு முதன்முறையாக ஒரு பயம் வந்தது.

ஞாயிறு மாலை நாலு மணி. மூன்று சுற்றில் இரண்டை வென்றவர்களுக்குக் கோப்பை. தமிழழகனின் அணியில் லப்பைக்குடிக்காடு அஸ்ஃபாக்கும் இன்னும் இருவரும், மூவருமே அவனை நம்பிப் பிழைப்பவர்கள். கொளஞ்சி பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பரிமளா முறுக்குத் தட்டோடு வந்து நின்றார். வழியில் போன ராஜராஜன்கூட, சீருடையோடு, "சும்மா பாத்துட்டுப் போறேன்," என்று நுழைந்தார்.

முதல் சுற்று. தமிழழகன் குதித்தான். விரல் அசைந்த நொடியே ஆள் அசைந்தது. இப்படி ஒரு சுகத்தை அவன் அனுபவித்ததே இல்லை. அதை அனுபவித்து முடிப்பதற்குள் செத்துப்போனான். பதினோரு நொடி.

"கை வழுக்கிருச்சு," என்றான்.

"இன்ஷா அல்லாஹ் அடுத்த ரவுண்டு பாத்துக்கலாம்டா," என்றான் அஸ்ஃபாக், போனுக்குள்ளிருந்து, அவனும் செத்துப்போய்.

இரண்டாவது சுற்றில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளிந்து, தலையை மட்டும் நீட்டினான். தலையிலேயே விழுந்தது. ஒன்பது நொடி. அவன் போன பிறகு மற்ற மூவரும் பந்தியில் இலை எடுப்பது போல ஒவ்வொருவராக எடுக்கப்பட்டார்கள். அவ்வளவுதான். கோப்பை விக்கிரமங்கலத்துக்கு.

பரிமளா முறுக்கைக் கடிப்பதைப் பாதியில் நிறுத்தினார். கொளஞ்சி சத்தமில்லாமல் எழுந்து மச்சானுக்குப் போன் போடப் போனார்.

ஆட்டம் முடிந்ததும் இரு அணியும் பேசிக்கொள்ளத் திரையில் ஒரு பட்டன் உண்டு. தமிழழகன் அதை அழுத்தினான். எதிரணித் தலைவி பூங்குழலி, அரியலூரில் காலேஜ் படிக்கும் பெண்.

"ஏங்க, ஒண்ணு கேக்கலாங்களா?" என்றான். "லீக்ல உங்க நாலு பேரையும் நான் ஒருத்தனே அடிச்சேன். அப்ப எனக்கு எரநூத்திப் பன்னெண்டு பிங்கு. இன்னிக்கிப் பதினாலு. எப்படிங்க தோத்தேன்?"

"அப்ப உங்கள எங்கங்க சுடறது?" என்றது பூங்குழலியின் குரல். "எங்க ஸ்கிரீன்ல கதவுகிட்ட நிப்பீங்க, சுட்டா அங்க இருக்க மாட்டீங்க. மரத்துகிட்ட மறைவீங்க, மாடில மொளைப்பீங்க. போன மாசம் பூரா சுட்டோம், ஒரு குண்டு படல. பேயி ஏதோ வெளையாடுதுன்னு எங்க டீம்ல ஒரு பொண்ணு மந்திரிச்ச கயிறே கட்டிக்கிட்டா. புதங்கெழமை எஸ்.ஐ. சார் உங்க மனுவக் கொண்டாந்து காட்டுனாருல்ல, அப்பறந்தான் விசயமே வெளங்குச்சு."

"என்ன வெளங்குச்சு?"

"நீங்க ஒரு மனுதானங்க குடுத்தீங்க? மனு நாளுக்குக்கூடக் காத்திருக்காம, உங்க பாதைய நேராக்கச் சொல்லி, அரியலூர் கலெக்டர் ஆபீஸ்ல நாங்க நாலு பேரும் நாலு மனு குடுத்தோம்."