தளபாடக் கடையில் ஆறாவது ஆள்

யாராவது என்னைப் பார்த்து "இரிங்க" என்று சொன்னால் நான் உட்கார்ந்து இருந்துவிடுவேன். இது என் பிறவிக் குணம். எனக்கு எந்தச் சம்பந்தமும் இல்லாத ஒரு பள்ளிவாசல் நிர்வாகக் கூட்டத்தில்கூட அப்படி இருந்திருக்கிறேன். (அங்கே நான் ஒரு தீர்மானத்தை வழிமொழிந்ததாகப் பதிவேட்டில் எழுதியும் இருக்கிறது.) ஆனால் கல்முனையில் புதிதாகத் திறந்த தளபாடக் கடையின் மேல்மாடியில் இருந்தேனே, அந்த இருப்புக்கு ஈடு இல்லை.

யுத்தம் முடிந்த மறு வருடம் அது. சோதனைச் சாவடிகள் ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டிருந்தன. கொழும்பிலிருந்து வரும் லொறிகள் சாமானை நடுவழியில் இறக்கிக் காட்டாமலே ஊர் வந்து சேர்ந்தன. அப்படி வந்த கட்டில்களையும் செற்றிகளையும் நிரப்பி ஒரு முதலாளி பிரதான வீதியில் இரண்டு மாடிக் கடை திறந்தார். கீழே தளபாடம், மேலே சாப்பாடு. கட்டில் வாங்க வந்த இடத்தில் எதற்குச் சோறு என்று ஊரே கேட்டது. கேட்டவர்கள் எல்லாரும் போய்ச் சாப்பிட்டுவிட்டும் வந்தார்கள்.

எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. சுனாமி எங்கள் வாப்பாவையும் கல்முனைக்குடி வீட்டையும் ஒரே காலையில் கொண்டுபோய்விட்டது. பல வருடம் முகாம் கொட்டிலில் இருந்து, கடைசியில் ஒரு வீடு கிடைத்தது. நாலு சுவர், ஒரு கூரை, உள்ளே மூன்று பாய். எங்கள் பக்கத்தில் கல்யாணமானால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். வருகிறவருக்குக் கட்டில் வேண்டும், அலுமாரி வேண்டும். எனக்கு மூத்தவளான ராத்தாவைப் பெண் பார்க்க வந்த மூன்று கூட்டமும் ராத்தாவைப் பார்த்ததைவிட வீட்டு மூலைகளைப் பார்த்ததே அதிகம். பிறகு ஒருவரும் திரும்பி வரவில்லை. ஆட்கள் வந்துபோன அன்றைக்கு மட்டும் ராத்தா பாயை இரண்டு தடவை தட்டி விரிப்பா. அதைப் பார்க்க எனக்கு நெஞ்சு எரியும்.

அதனால்தான் அந்தக் கடையில் விற்பனையாளர் வேலைக்கு விண்ணப்பித்தேன். வேலை கிடைத்தால் கட்டிலும் அலுமாரியும் வரும், ராத்தாவுக்குக் கல்யாணம் நடக்கும். என் தலையில் இருந்த திட்டம் அவ்வளவுதான்.

நேர்முகப் பரீட்சை பகல் இரண்டு மணிக்கு. நான் ஒரு மணிக்கே போய் நின்றேன். காலையில் பதற்றத்தில் பால் விடாத ஒரு பிளேன்டியை மட்டும் குடித்துவிட்டுக் கிளம்பியிருந்தேன். கீழே மேசையில் இருந்த பெண் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"முதலாளி மேல சாப்பாட்டுல. நீங்களும் மேல போய் இரிங்க. கூப்பிடுவாங்க."

(கவனித்தீர்களா? "இரிங்க" என்றாள்.)

மேலே ஆட்கள் தட்டு ஏந்தி வரிசையில் நின்றார்கள். அதற்கு முன் நான் தட்டேந்தி வரிசையில் நின்றது முகாமில்தான். வரிசையைக் கண்டதும் கால் தானாகப் பின்வாங்கியது. அங்கே கிடந்த கதிரை மேசைகளும் விற்பனைக்கு உள்ளவைதான். ஒவ்வொன்றிலும் ஒரு விலைச்சீட்டு ஒட்டியிருந்தது. ஜன்னலோரம் ஒரு வட்ட மேசை. அதன் நடுவில் ஒரு சஹன்: பெரிய தாம்பாளம் நிறையப் புரியாணி, அதன் மேல் ஒரு முழுப் பொரித்த கோழி. சுற்றிவர வெள்ளைத் தொப்பி போட்ட ஐந்து பேர் கையைக் கழுவிவிட்டுச் சும்மா இருந்தார்கள்.

எங்கள் ஊரில் ஒரு சஹனுக்கு ஆறு பேர். ஐந்து பேர் இருந்தால் ஆறாவது ஆளுக்காகக் காத்திருப்பார்கள். கல்யாண வீட்டில் அந்த வழியால் போகிற எவரையும் கூப்பிட்டு இருத்துவார்கள். கூப்பிட்டால் மறுப்பது மரியாதை இல்லை. ஆகவே அங்கிருந்த வயதானவர் ஒருவர் என்னைப் பார்த்துக் கையை உயர்த்தி, "வாங்க, வாங்க, இரிங்க! உங்களத்தான் பாத்துக்கொண்டிருக்கம்" என்றபோது எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. கடை திறந்த சந்தோஷத்துக்குக் கந்தூரிச் சாப்பாடு கொடுக்கிறார்கள், நல்ல மனிதர்கள் என்றுதான் நினைத்தேன். இருந்தேன். பரிமாறுகிறவர் ஓடிவந்து என் கையில் தண்ணீர் வார்த்தார்.

நடந்தது என்னவென்று இப்போது சொல்லிவிடுகிறேன். அது முதலாளியின் மகளுக்கு ஒரு சம்பந்தப் பேச்சு. ஐந்து பேரில் இரண்டு பேர் பெண் பக்கம்: கடை முதலாளியும் அவருடைய தம்பியும். மூன்று பேர் மாப்பிள்ளை பக்கம்: அவருடைய வாப்பா, பெரியப்பா, அண்ணன்முறைக் காக்கா ஒருவர். ஆறாவது இடம் முதலாளியின் மச்சானுக்கு, அதாவது மனைவியின் கல்யாணமாகாத தம்பிக்கு, உரியது. அவர் லுஹர் தொழப் போயிருந்தார். என்னைக் கூப்பிட்ட பெரியப்பா, நான்தான் அந்த மச்சான் என்று நினைத்துவிட்டார். முதலாளியோ, பெரியப்பா கூப்பிட்டதால் நான் மாப்பிள்ளை பக்கத்து ஆள் என்று நினைத்துவிட்டார். சம்பந்தி வீட்டு ஆளை யார் என்று கேட்பது அழகா? ஆகவே இரண்டு பக்கமும் என்னைப் பார்த்துப் பல்லைக் காட்டின. நானும் காட்டினேன்.

அதோடு விட்டேனா? இருந்தவர்களில் இளையவன் நான்தானே, மரியாதை காட்டுவோம் என்று கோழியை என் பக்கம் இழுத்துப் பிய்த்து ஆறு பேருக்கும் பங்கு வைத்தேன். வீட்டுக்காரர் செய்யவேண்டிய வேலை அது. முதலாளியின் கண் ஒரு கணம் விரிந்தது. நான் அவருக்கு ஒரு தொடையை வைத்து, "கூச்சப்படாமத் திங்க ஹாஜியார்" என்றேன். (அவருடைய கடை. அவருடைய கோழி.)

அப்போது பெரியப்பா தொண்டையைச் செருமினார். "எல்லாம் சரி ஹாஜியார். ஊடும் நல்ல ஊடுதான். ஒரு மேல்மாடி மட்டும் எடுத்துக் குடுத்தீங்கெண்டா நல்லம். மறுகாவும் தண்ணி வந்தா புள்ளையள் ஏறி நிக்க வேணுமே."

முதலாளியின் முகம் வாடிவிட்டது. அவர் கையில் இருந்த காசெல்லாம் கட்டிலாகவும் கதிரையாகவும் நின்றுகொண்டிருந்த நேரம் அது. பெரியப்பா என் பக்கம் திரும்பினார்.

"நீங்க என்ன சொல்றீங்க தம்பி?"

என்னிடம் யாரும் அதுவரை அப்படிக் கேட்டதில்லை. ராத்தா பாயைத் தட்டி விரிப்பது கண்ணுக்குள் வந்தது. வாயில் இருந்த சோற்றை விழுங்கிவிட்டு ஆரம்பித்தேன்.

"எங்கட ராத்தாவப் பாக்க மூணு கூட்டம் வந்த. கட்டில் எங்க, அலுமாரி எங்கயெண்டு கேட்டுட்டுப் போன. மனிசரப் பத்தி ஆரும் கேக்கல்ல. தண்ணி வந்த அண்டைக்கி எங்கட ஊட்டுல முதல்ல போன சாமான் அலுமாரிதான். மரச் சாமான் ஒண்டும் ஒருத்தரையும் காப்பாத்தல்ல. என்ட கையப் புடிச்சு இழுத்த ராத்தாதான். மேல்மாடி என்னத்துக்கு? கைய உடாத ஒரு புள்ளையப் பாத்து எடுங்க!"

கீழே முந்நூறு அலுமாரி நிற்கிற கடையில், அலுமாரி விற்கும் வேலை கேட்டு வந்தவன் செய்த பயான் பிரசங்கம் இது.

மாப்பிள்ளையின் வாப்பா தலையைக் குனிந்தார். "உடுங்க காக்கா. மேல்மாடிக் கதை வேணாம்" என்றார். முதலாளி என்னைப் பார்த்த பார்வையில் அவ்வளவு அன்பு! மாப்பிள்ளை பக்கத்தில் இப்படியும் ஒரு நல்லவனா என்ற அன்பு. புரியாணிக்குள் இருந்த ஒரு முட்டையைத் தன் கையாலேயே எடுத்து என் முன் வைத்தார்.

அந்த முட்டையைக் கடிக்கும்போதுதான், தொழுதுவிட்டு வந்து கை கழுவிய ஈரம் காயாத கையோடு மெலிந்த ஆள் ஒருவர் வந்து நின்றார். "மச்சான், என்ட இடத்துல ஆரு?"

முதலாளி பெரியப்பாவைப் பார்த்தார். "உங்கட ஆள்தானே இவர்?"

"எங்கட ஆளா? உங்கட மச்சானெண்டெல்லோ நான் கூப்பிட்ட!"

பிறகு ஆறு பேரும் ஒன்றாக என் பக்கம் திரும்பினார்கள். முதலாளிதான் கேட்டார்: "தம்பி, நீங்க எந்தப் பக்கம்?"

முட்டை முழுதாக வாய்க்குள் இருந்தது. "நான்... இன்டவியூ" என்றேன்.

பூமி பிளக்கும் என்று காத்திருந்தேன், பிளக்கவில்லை. எழும்பப் பார்த்தேன். "இரிங்க!" என்றார் முதலாளி. "சஹன்ல இருந்த ஆள் இடையில எழும்பப்படாது." வேறு என்ன செய்வேன்? இருந்தேன். மச்சான் ஒரு கதிரையை இழுத்துப்போட்டு ஏழாவது ஆளாக என் பக்கத்தில் ஒடுங்கி இருந்தார். வட்டலாப்பம் வந்தது. அதையும் தின்றேன். அது இனித்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

நேர்முகப் பரீட்சை அந்த மேசையிலேயே நடந்தது. எல்லாரும் கை கழுவப் போனபின் முதலாளி என் விண்ணப்பத்தை வாங்கி வாசிக்காமலே மடித்தார்.

"கீழ உங்கள உட மாட்டன். வாற ஆக்களுக்கெல்லாம் அலுமாரி வேணாமெண்டு பயான் பண்ணுவீங்க. மேல சாப்பாட்டுப் பக்கத்தப் பாருங்க. ஆள் காணாத மேசைக்கு ஆள் சேக்க உங்களுக்குத்தான் தெரியும்."

படியில் இறங்கும்போது மச்சான் என் முதுகில் எதையோ உரித்தார். கதிரையின் விலைச்சீட்டு. "உங்களையும் வித்தாச்சோ தம்பி?" என்று சிரித்தவர், சீட்டைக் கசக்கிக்கொண்டே குரலைத் தாழ்த்திக் கேட்டார். "ஹாஜியார் மச்சான் சொன்னார். கையப் புடிச்சு இழுத்த அந்த ராத்தாவுக்கு இன்னும் சரிவரல்லையா?"

முதலாளி மகளின் கல்யாணத்துக்கு எனக்கு இரண்டு அழைப்பிதழ்கள் வந்தன, பக்கத்துக்கு ஒன்று. ராத்தாவின் கல்யாணம் அதற்குப் பிறகு ஐந்தாம் மாதம். மாப்பிள்ளை அந்த மச்சான்தான். பெண் பார்க்க வந்தபோது மூலைகளைப் பார்க்கவில்லை. பாயில் சப்பணமிட்டு இருந்து இரண்டு பிளேன்டி குடித்துவிட்டுப் போனார். கட்டிலும் அலுமாரியும் என் சம்பளத்தில் பிறகுதான் வந்தன. அலுமாரியை இறக்கும்போது ராத்தா வாசலில் நின்று, "முதல்ல போற சாமானெண்டாய், என்னத்துக்கு வாங்கின?" என்று கேட்டா. கேட்டுவிட்டு அழுதா. நானும் அழுதேன்.

இன்றைக்கும் எங்கள் குடும்பத்துக் கல்யாணத்தில் நான் ஒரு சஹனுக்குப் பக்கத்தில் போனால் போதும், சின்னப் பிள்ளைகள்கூட "மாமா, நீங்க எந்தப் பக்கம்?" என்று கத்துகின்றன. மச்சான் மட்டும் அப்படிக் கேட்பதில்லை. கோழியை என்னிடமிருந்து பிடுங்கித் தானே பங்கு வைத்தபடி, புதிதாக வந்த விருந்தாளியிடம் சாவகாசமாகச் சொல்வார்:

"என்ட இடத்துல இவன் இருந்தான். அதுக்குத்தான் இவன்ட ஊட்டுல இப்ப நான் இரிக்கன்."