ராஜாத்தி போட்ட மூணு பிரவுசர்

இந்த வாரத்துக்குள் ராஜாத்தியை ஊருக்கு வரவழைத்தே தீருவது என்று முடிவெடுத்தேன். மகளின் இரண்டாவது பேறுகாலத்துக்கு பெங்களூர் போனவள், ஐம்பது நாளாகிறது. "வந்துடு" என்று வாய்விட்டுக் கூப்பிட வெட்கம். இரண்டு பேரப்பிள்ளை எடுத்தவன் இப்படி ஏங்குகிறான் என்றால் கொரடாச்சேரியே சிரிக்கும். எனக்கு ரசம் வைக்கத் தெரியும். வைத்ததைச் சாப்பிடத்தான் முடியவில்லை.

அவள் திருவாரூரில் இ-சேவை மையம் நடத்தியவள். கிளம்பும்போது லேப்டாப்பில் மூன்று பிரவுசர் போட்டு வைத்தாள். ஒன்று பேங்குக்கு மட்டும். ஈ கூட நுழையாது. இரண்டாவது, பயிர் இன்சூரன்ஸுக்கும் அவளோடு வீடியோவில் பேசவும். அதில் கட்டுப்பாட்டைக் கொஞ்சம் தளர்த்தியிருந்தாள். இல்லாவிட்டால் அந்தப் பக்கங்கள் வேலை செய்யாதாம். மூன்றாவது, நான் கண்டதையும் பார்க்க.

"நாத்தங்கால் தனி, நடவு வயல் தனி. ஒன்னுல பூச்சி விழுந்தா ஒன்னோட போவட்டும்" என்பாள்.

இன்சூரன்ஸுக்குக் கடைசி நாள் நெருங்கியது. இரண்டாவது பிரவுசரின் செட்டிங்ஸில் புகுந்து எல்லாவற்றையும் இறுக்கினேன். குக்கி கிடையாது, ஸ்கிரிப்ட் கிடையாது, கேமரா, மைக் எதுவும் கிடையாது. இன்சூரன்ஸ் பக்கம் வெள்ளைவெளேரென்று நின்றது. குஷியாக என் பட்டன் போனை எடுத்தேன்.

"ராஜாத்தி, இன்சூரன்ஸ் திறக்கலம்மா. நீ நேர்ல வந்தாத்தான் ஆச்சு."

"செட்டிங்ஸ்ல கை வச்சீங்களா?"

"நானா? எனக்கு என்ன தெரியும் அதெல்லாம்!"

"அடடா. அப்ப வீடியோவும் வராதே?"

தூக்கிவாரிப் போட்டது. அதை நான் யோசிக்கவே இல்லை.

"பாப்பா இன்னைக்குத்தாங்க சிரிக்க ஆரம்பிச்சிருக்கு. மடியிலதான் கெடக்கு. நானும் நீங்க எடுத்துக் குடுத்த மாம்பழக் கலர் சேலை கட்டியிருக்கேன். ஹூம், பார்க்கக் குடுத்து வைக்கல உங்களுக்கு."

"இரு, இரு! ஒரு நிமிஷம்!"

குக்கி, ஸ்கிரிப்ட், கேமரா, மைக், விரல் பறந்தது. அரை நிமிஷத்தில் திரையில் ராஜாத்தி. பழைய நைட்டி. பாப்பா தொட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தது. ஏமாந்ததுகூட உறைக்கவில்லை எனக்கு. தினம் பார்க்கிற முகம்தான், திரைக்குக் கிட்டே நகர்ந்து உட்கார்ந்தேன்.

"முடியலடி. வந்துடேன்" என்றேன்.

அவளும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"காலையிலதாங்க நாளைக்கு டிக்கெட் போட்டேன். இன்சூரன்ஸ் தேதி வருதே, மனுஷனுக்கு ஒன்னும் தெரியாதேன்னு. இப்ப நீங்களே எல்லாம் சரி பண்ணிட்டீங்க, கேன்சல் பண்ணிடறேன்."