ரிவர்ஸ் போட்ட வெள்ளிவிழா

அன்று அந்த வண்டிக்குள் இருந்தவர்கள்:

என் மனைவி வசந்தி. அன்றோடு எங்களுக்குத் திருமணமாகி இருபத்தைந்து வருடம்.

மகள் ஆரணி. வண்டியை வாடகைக்கு எடுத்துத் தந்தவள்.

ரவி. மனைவியின் தம்பி. (கூப்பிடவில்லை. வந்தான்.)

பிள்ளையார். பிளாஸ்டிக். ஸ்டியரிங்குக்கு முன்னால் ஒட்டியிருந்தார்.

நான். சாரதி.

பிழை என்னுடையது என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். பிள்ளையார் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை.

நான் கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபரோவில் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறேன். அப்போது இருபத்தொரு வருடம். ஒரு கீறல் இல்லை. கீறல் இல்லாத ஒவ்வொரு வருடத்துக்கும் கம்பெனி சட்டையில் குத்தும் சின்னப் பதக்கம் ஒன்று தரும். இருபத்தொன்றையும் ஜக்கெற்றில் வரிசையாகக் குத்தியிருந்தேன். படித்தது எட்டாம் வகுப்பு. என்னிடம் இருக்கும் சான்றிதழ் அந்த ஜக்கெற்றுத்தான். (கோயிலுக்கும் அதோடுதான் போவேன். வசந்திக்குப் பிடிக்காது.)

வசந்தி இந்த நாட்டில் பார்த்தவை கல்யாண மண்டபம், செத்தவீடு, கோயில். ஒருமுறை கடற்கரையில் இருந்து தேத்தண்ணீர் குடிக்க வேண்டும் என்று பல வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். ரொறன்ரோவில் கடல் இல்லை. ஆரணி ஃபோனில் தேடி, கிழக்கே இரண்டரை மணித்தியால ஓட்டத்தில் ஒரு இடம் பிடித்தாள். முதலில் திராட்சைத் தோட்டங்கள், வைன் செய்யும் இடங்கள். அதற்கப்பால் பெரிய ஏரி. மணலும் அலையும் இருக்கும், மறுகரை தெரியாது. கடல் என்று நினைத்துக்கொள்ள வேண்டியதுதான். போக ஒரு ஆர்.வி. கட்டில், அடுப்பு, கக்கூஸ் எல்லாம் உள்ளே இருக்கும் வீட்டு வண்டி. நவம்பர் கடைசி என்பதால் அரை விலை.

ஏன் அரை விலை என்பது பிறகு தெரிந்தது. குளிரில் குழாய் வெடிக்காமல் இருக்கத் தண்ணீரை எடுத்துவிட்டு, கக்கூஸ் மூடியைத் திறக்க முடியாதபடி ரேப் நாடா ஒட்டியிருந்தார்கள். வண்டிக்காரன் ஒரு மணித்தியாலம் விளக்கினான். நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். மனதில் நின்றது ஒன்றுதான்: பின்னுக்குக் கமரா இருக்கிறது.

ஸ்காபரோ வோபர்னில் எங்கள் வீட்டு வாசலில் வைத்து வசந்தி வண்டிக்குப் பூசை செய்தாள். வாடகை வண்டிக்கு எதற்கு என்று கேட்டேன். ஏறுவது நாங்கள்தானே என்றாள். ரயருக்கு அடியில் ஒன்றாக எலுமிச்சம்பழம் ஆறு. முன்பக்கத்தில் சந்தனம், குங்குமம். பிறகு வண்டிக்குப் பின்னால் போனாள். திரும்பி வந்தபோது கிண்ணத்தில் சந்தனம் இல்லை. எங்கே வைத்தாள் என்று நான் கேட்கவில்லை. (கேட்டிருக்கலாம்.)

ஆரணி எழுதி வைத்திருந்த முதல் நாலு தோட்டத்திலும் பூட்டு. வசந்த காலத்தில் வாருங்கள் என்று பலகை. ஒரு மிடறு குடிக்காமல் திரும்பினால் சனம் சிரிக்கும் என்று ரவி புலம்பினான். நாலாவது பூட்டுக்குப் பிறகு அவன் வைனைப் பற்றிப் பேசவில்லை. ரேப் ஒட்டிய கக்கூஸையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஐந்தாவது வாசல் திறந்திருந்தது. வயதான வெள்ளைக்காரி ஒருத்தி வெளியே வந்தாள். ரவியின் முகத்தைப் பார்த்து, கேட்காமலே கழிவறையைக் காட்டினாள். அவன் புது மனிதனாகத் திரும்பி வந்தான். வண்டியைத் திருப்ப வேண்டும். அன்று முதல் தடவையாக ரிவர்ஸ்.

"அத்தான், நான் பின்னுக்கு நிண்டு சொல்லுறன்."

"தேவையில்லை. கமரா இருக்கு."

"உது ரீவிப் படம், அத்தான். கண்ணால பாருங்கோ."

"இருபத்தொரு வருசம், ரவி." ஜக்கெற்றைத் தட்டிக் காட்டினேன்.

ரிவர்ஸ் போட்டேன். கமராவின் திரை ஒளிர்ந்தது. முழுக்கச் சிவப்பும் மஞ்சளும். பின்னால் வானம் வடிவாக இருக்கிறது என்று வசந்திக்குச் சொன்னேன். (பின்னேரம் மூன்று மணி.) அவள் திரையை ஒருமுறை பார்த்துவிட்டு யன்னல் பக்கம் திரும்பினாள்.

பக்கக் கண்ணாடியில் வெறும் மண் வரம்புகள் தெரிந்தன. இடைக்கிடை மெல்லிய குச்சிகள். கிழங்கு கிண்டிய தோட்டம் என்று நினைத்தேன். யாழ்ப்பாணத்தில் திராட்சை பந்தலில் தொங்கும். இங்கே தலைக்கு மேல் ஒன்றும் இல்லை. மண்ணுக்கு என்ன வந்துவிடப் போகிறது என்று பின்னால் விட்டேன்.

முறுக்குக் கடிப்பது போல வரிசையாகச் சத்தம் வந்தது. அந்த அம்மா இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள்.

அவள் சொன்னதை ஆரணி தமிழில் சொன்னாள். அந்த ஊர்க் குளிர் திராட்சைக் கொடியைக் கொன்றுவிடும். அதனால் பனி மாரிக்கு முன் கொடியைச் சாய்த்து மண்ணால் மூடிவிடுவார்கள். வசந்தம் வரும்வரை உள்ளே தூங்கும். இவை அந்த வருடம் நட்ட கன்றுகள்.

"அப்பா, நீங்கள் பேபீஸுக்கு மேலால போயிட்டீங்கள்."

அந்த அம்மா முறிந்த குச்சிகளை எண்ணினாள். பதினேழு. உயிர் இருக்கிறதா என்று மே மாதம்தான் தெரியும் என்றாள். என் ஃபோன் நம்பரை எழுதிக்கொண்டாள். ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பிழை கமராவில் என்று காட்ட ரவியைப் பின்னால் கூட்டிப் போனேன். கமரா கண்ணாடி போலப் பளபளத்தது.

"நல்லாத்தானே இருக்கு, அத்தான்."

பக்கத்தில் வசந்தி நின்றாள். அவளுடைய வெள்ளைக் கையுறையின் நுனி சிவப்பு. நான் கையுறையைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள். இரண்டு பேரும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டோம்.

ஏரிக்கரைக்குப் போனோம். போத்தலில் கொண்டுபோன தேத்தண்ணீரைக் காற்று ஆற்றிவிட்டது. ஆறினதையே குடித்தோம். கடைசியில் வசந்தி தண்ணீரைப் பார்த்துச் சொன்னாள்: "பிள்ளையாரே, எத்தினை முளைக்குதோ அத்தினை தேங்காய் உடைக்கிறன்."

குற்றம் செய்யாதவள் எதற்கு நேர்த்தி வைக்கிறாள்? அதையும் நான் கேட்கவில்லை.

தை மாதம் கம்பெனி இருபத்திரண்டாவது பதக்கம் தந்தது. சமையலறையில் கரண்டி வைக்கும் லாச்சிக்குள் போட்டு மூடினேன். அன்று ஓட்டியது பஸ்ஸே இல்லையே, யாரும் கேட்கவும் இல்லையே என்றாள் ஆரணி.

"ஓட்டினது நான்."

அந்த மாரி முழுக்க ரவி எனக்கு ஃபோனில் திராட்சைப் படம் அனுப்பினான். வசந்தி ஒவ்வொரு நாளும் அந்த ஊர் வெப்பநிலை பார்த்தாள். பனி கொட்டினால் சோறு குறைவாகச் சாப்பிட்டாள்.

மே மாதம் அந்த அம்மாவிடமிருந்து ஃபோன் வந்தது. எங்கள் காரில் போனோம். வசந்தி முன்னால் நடந்து விரல் விட்டு எண்ணினாள். கன்றுகளில் நகம் அளவு பச்சை. பதினாறு வரை எண்ணினாள். பதினேழாவதில் குந்தினாள். நாங்களும் குந்தினோம். அந்த அம்மா மண்ணைக் கிளறி, கறுத்த தண்டை நகத்தால் சுரண்டி, இல்லை என்று தலையை ஆட்டினாள். பிறகு உள்ளே போய் ஒரு புதுக் கன்று கொண்டுவந்து என் கையில் தந்தாள். நட்டேன். சுற்றி மண்ணை மிதித்தேன். (காலால். மெதுவாக.)

அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலில் பதினாறு தேங்காய் உடைத்தேன். ரவி எண்ணினான். முடிந்தது என்று கையைத் துடைத்தேன். வசந்தி பையிலிருந்து இன்னொரு தேங்காய் எடுத்தாள். என்னிடம் தரவில்லை. தானே உடைத்தாள்.

"அதென்னத்துக்கு அக்கா?" என்றான் ரவி.

"கமராவில பொட்டு வைச்சது நான். கண் மாதிரி இருந்துது. வைச்சிட்டன்."

ரவி வாயை மூட நேரம் எடுத்தது. வசந்தி மறுபடி பைக்குள் கை விட்டாள். கரண்டி லாச்சியில் கிடந்த பதக்கம். என் ஜக்கெற்றில் அவளே குத்தினாள். கோணல். இன்னும் நான் நிமிர்த்தவில்லை.

இப்போதும் நான் ரிவர்ஸ் போட முன் வசந்தி இறங்கிப் போய் எங்கள் காரின் கமராவைத் துடைத்துவிட்டு வருவாள். பனியென்றாலும் போவாள். கல்யாண மண்டப வாசலில் சனம் பார்த்துக்கொண்டு நிற்கும். பின் சீற்றில் இருந்து ரவி கேட்பான்: "அத்தான், எத்தினை கன்று?" நான் சொல்வேன்:

பதினேழு.