கெரிட்ஜின் காலி பக்கெட்

"இவ்வளவுதானா?" என்று தர்லோ அம்மாள் கேட்டது ஞாயிற்றுக்கிழமை மாலை. புதன்கிழமை ஆகியும் டெனிஸ் கெரிட்ஜ் அதிலிருந்து மீளவில்லை.

அந்த ஞாயிறு மழை பிடித்துக்கொண்டதால், மண்ணுக்குள் உலோகம் தேடும் மெட்டல் டிடெக்டரோடு அம்மாளின் நிலத்திலிருந்து சீக்கிரமே கிளம்பியிருந்தார். பக்கெட்டின் அடியில் சில துருப்பிடித்த ஆணிகள், ஒரு முள்கம்பித் துண்டு, நசுங்கிய பீர் டப்பா ஒன்று. வழக்கம்போல் பண்ணை வீட்டின் பின்வாசலில் நின்று, தொப்பியைக் கழற்றி, பக்கெட்டைச் சாய்த்துக் காட்டினார். அம்மாள் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். அதன்பின்தான் அந்தக் கேள்வி.

வாரநாட்களில் டெனிஸைக் கண்டு இப்ஸ்விச் நகரமே நடுங்கும். ஓட்டுநர் உரிமத் தேர்வு நடத்தும் அதிகாரி அவர். பக்கத்தில் அவர் வந்து உட்கார்ந்து பெல்ட்டை மாட்டினாலே பலருக்கு இடது எது வலது எது என்று மறந்துபோகும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவர் நடுங்குவார், தர்லோ அம்மாளைப் பார்த்து.

காரணம் இருக்கிறது. மெட்டல் டிடெக்டரை யார் வேண்டுமானாலும் கடையில் வாங்கலாம். அதை ஆட்டிக்கொண்டு நடக்க நிலம் வேண்டும். நிலம் என்றால் அதற்கு ஒரு சொந்தக்காரர், அவர் வாயிலிருந்து ஒரு 'சரி'. டெனிஸ் சஃபோக் மாவட்டத்தில் தட்டாத பண்ணைக் கதவு இல்லை. ஒரு வீட்டில் நாய்கூடக் குரைக்காமல் தலையைத் திருப்பிக்கொண்டது. தர்லோ அம்மாள் ஒருவர்தான், அவர் பேசி முடிப்பதற்குள்ளேயே சரி என்றவர். அதுவும், பழைய மரக்கொட்டகை ஒன்று எப்போதோ எரிந்து விழுந்த மேய்ச்சல் நிலத்துக்கு. டெனிஸ் உள்ளே இருக்கும் நேரத்துக்கு மாடுகளைக்கூட அம்மாள் அடுத்த நிலத்துக்கு ஓட்டிவிடுவார்.

கிடைத்ததையெல்லாம் நிலத்துக்காரருக்குக் காட்டிவிட்டுத்தான் போக வேண்டும், மதிப்புள்ளது கிடைத்தால் பாதி அவருக்கு என்பது இந்தப் பொழுதுபோக்கின் மரியாதை. பத்து வருடமாக டெனிஸ் ஓர் ஆணி விடாமல் காட்டி வந்தார். மதிப்புள்ளது எதுவும் கிடைக்கவில்லை. ஆனாலும் ஒவ்வொரு ஞாயிறும் தேநீரும் இஞ்சி கேக் ஒரு துண்டும் வரும்.

"அவங்களுக்கு அலுத்துப் போச்சு டெனிஸ்," என்றாள் அவர் மனைவி வெண்டி. "பத்து வருஷமா ஆணியையே காட்டினா யாருக்குத்தான் அலுக்காது? எனக்கெல்லாம் ரெண்டாவது வருஷமே அலுத்துடுச்சு."

என்ன எதிர்பார்க்கிறீர்கள் என்று அம்மாளையே கேட்டுவிட்டால் என்ன என்று டெனிஸ் தயங்கித் தயங்கிச் சொன்னார். வெண்டி உருளைக்கிழங்கு தோல் சீவுவதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தாள். ஒருவரிடம் போய் உங்களுக்கு என்ன வேண்டும் என்று நேராகக் கேட்கும் வழக்கம் அந்த வட்டாரத்தில் கிடையாது. எனக்கு இது வேண்டும் என்று வாய்விட்டுச் சொல்லும் வழக்கம் அதைவிடக் கிடையாது. அந்த யோசனை உருளைக்கிழங்குத் தோலோடு குப்பைக்குப் போயிற்று.

மிஞ்சியது ஒரே வழி. நல்லதாக ஒன்று கிடைக்க வேண்டும். அதற்கு நல்ல மெஷின் வேண்டும்.

டெனிஸ் எதையும் அவசரப்பட்டு வாங்குபவர் அல்ல. இரண்டு மெஷின்களைத் தேர்ந்தெடுத்து, இரண்டின் கையேடுகளையும் குளியல் தொட்டியில் படுத்தபடி படித்தார். ஒன்றை முடிவு செய்துவிட்டுத் தூங்கப் போவார், மற்றதை முடிவு செய்துகொண்டு எழுந்திருப்பார். கடைசியில் கடைக்காரரே இரக்கப்பட்டார்.

"சார், இது நல்லா ஆழமாப் போகும். ஆனா எதைக் கண்டாலும் கத்தும். அது இருக்கே, அது படிச்ச மெஷின். இரும்புன்னா வாயே திறக்காது. செம்பு, வெள்ளி, தங்கம்னாதான் பேசும்."

"ஆணிக்கு?"

"ஆணியெல்லாம் அது கண்ணுக்கே தெரியாது சார்."

பத்து வருட முதுகுவலி டெனிஸின் கண்முன் வந்து போனது. படித்த மெஷினை வாங்கினார். பழையதை டிடெக்டர் ஆர்வலர்களின் கிளப்பில் புதிதாகச் சேர்ந்திருந்த ஹேசல் என்ற ஓய்வுபெற்ற பள்ளிச் சமையல்காரரிடம் தள்ளிவிட்டார். எதைத் தோண்டுவது, எதை விடுவது என்று ஹேசலுக்கு இன்னும் பிடிபடவில்லை. மெஷின் முனகினாலே மண்டியிட்டுவிடுவார்.

முதல் ஞாயிறு சொர்க்கமாக இருந்தது. ஹெட்ஃபோனில் சத்தமே இல்லை. காலடியில் எத்தனை ஆணி கிடந்ததோ, டெனிஸ் அத்தனைக்கும் மேல் மகாராஜாபோல் நடந்தார். சாயங்காலம் ஒரு பித்தளைப் பொத்தான் கிடைத்தது. அதை இடுப்புப் பையில் போட்டுக்கொண்டு பின்வாசலுக்குப் போனார்.

தர்லோ அம்மாள் அவருடைய கைகளைப் பார்த்தார். பிறகு அவருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். "பக்கெட் எங்க?"

இனிமேல் பக்கெட்டே தேவைப்படாது என்று டெனிஸ் பெருமையோடு விளக்கினார். பழைய மெஷினை ஹேசலுக்கு விற்றுவிட்டதையும், புதிது எவ்வளவு படித்தது என்பதையும் சொன்னார். அம்மாள் பொத்தானைப் பார்த்து, அழகாக இருப்பதாகச் சொன்னார். தேநீர் வந்தது. கேக் வரவில்லை. பிஸ்கட்தான்.

வெண்டிக்குக் காரணம் உடனே புரிந்துவிட்டது. "அவங்க நிலத்துல என்ன பெருசா கிடைச்சிடப் போகுதுன்னுதானே நீ அந்தச் சின்னப் பையோட போயிருக்கே? அதான் மனசு நொந்திருக்கும்."

ஆகவே அடுத்த வாரம் டெனிஸ் இருப்பதிலேயே பெரிய பக்கெட்டை வாங்கிக்கொண்டு போனார். குழந்தையைக் குளிப்பாட்டலாம், அத்தனை பெரிது. அதைப் பார்த்ததுமே தர்லோ அம்மாளின் முகம் மலர்ந்தது. வெண்டி சொன்னது சரிதான் என்று டெனிஸ் நினைத்துக்கொண்டார். சாயங்காலம் அம்மாளே இரண்டு கையாலும் பக்கெட்டை வாங்கினார். எடையே இல்லாமல் அது மேலே எழும்பியதில் கொஞ்சம் தடுமாறினார். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். உள்ளே இரண்டு பொத்தான்கள் உருண்டன.

"பெரிய பக்கெட்," என்றார்.

தேநீர் மட்டும் வந்தது. சர்க்கரை போட மறந்திருந்தார்.

அதற்குப்பின் டெனிஸ் நிதானம் இழந்தார். மறுபடி கடைக்குப் போய், வாங்கி ஒரு மாதம்கூட ஆகாத மெஷினைத் திருப்பிக் கொடுத்து, அதற்கும் மேற்பட்டதை எடுத்துவந்தார். முந்தையது பள்ளிக்கூடம் என்றால் இது பல்கலைக்கழகம். முன்னதாவது எப்போதேனும் ஒரு ஆணியிடம் ஏமாந்து முணுமுணுக்கும். இதுவோ ஆணிகளுக்கு நடுவில் கிடக்கும் காசை மட்டும் பொறுக்கியெடுத்துச் சொல்லும். வசந்தம் முழுக்க அதைத் தூக்கிக்கொண்டு நடந்தார். பண்ணையில் அம்மாளின் முகம் வாரத்துக்கு வாரம் சுருங்கிக்கொண்டே வந்தது. எப்போது பார்த்தாலும் வேலியோரமாக நின்று மாடுகளையே வெறித்துக்கொண்டிருப்பார். டெனிஸ் 'குட் ஆஃப்டர்நூன்' சொன்னால் திடுக்கிடுவார்.

ஒரு ஞாயிறு மெஷின் மணி அடித்ததுபோல் ஒலித்தது. டெனிஸ் மண்டியிட்டார். மண்ணுக்குள்ளிருந்து சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு வெள்ளிக் காசு வெளியே வந்தது. சுத்தியலால் அடித்துச் செய்த பழைய காசு. தலைவாராத ராஜா ஒருவர் அதிலிருந்து அவரைப் பார்த்தார். டெனிஸ் அந்த நிலத்தில் பத்து வருடத்தில் முதல் தடவையாக ஓடினார்.

காசைத் தர்லோ அம்மாளின் உள்ளங்கையில் வைத்தார். அம்மாள் அதை இப்படியும் அப்படியும் திருப்பினார்.

"வேற ஒண்ணும் கிடைக்கலையா?"

காசில் பாதி அம்மாளுக்குச் சேர வேண்டியது என்று டெனிஸ் எப்படியோ சொல்லி முடித்தார். நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று அம்மாள் அதைத் திருப்பிக் கொடுத்தார். கோபமாகக்கூட இல்லை, களைப்பாக. அன்றைக்குத் தேநீரும் இல்லை.

அந்த வாரக் கிளப் கூட்டத்தில் ஹேசல் அவருடைய கண்ணைப் பார்க்கவே கூச்சப்பட்டார். கொஞ்ச நேரம் வானிலையைப் பற்றிப் பேசிவிட்டு, மெதுவாக விஷயத்துக்கு வந்தார். தர்லோ அம்மாள் போன் பண்ணியிருந்தாராம். வரும் ஞாயிறு அந்த நிலத்துக்கு வர முடியுமா என்று கேட்டாராம். "நீங்க தப்பா நினைக்கக் கூடாது டெனிஸ். எனக்கு ஒண்ணுமே தெரியாதுன்னு சொல்லிப் பார்த்தேன். பரவாயில்லை, வாங்கன்னுட்டாங்க."

ஞாயிற்றுக்கிழமை டெனிஸ் வீட்டிலேயே இருக்க முடிவு செய்தார். பிறகு காரைக் கழுவினார். பிறகு கழுவிய காரை ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று கிளம்பினார். கார் தானாகவே தர்லோ பண்ணைக்குப் போய் நின்றது.

பின்வாசல் படியில் ஹேசல் உட்கார்ந்திருந்தார். காலருகே டெனிஸின் பழைய மெஷின். மடியில் தட்டு. தட்டில் இஞ்சி கேக், இரண்டு துண்டுகள்.

"என்ன கிடைச்சுது?" என்று டெனிஸ் கேட்டார். குரல் அவருடையதாகவே இல்லை.

"ஐயோ, ஒண்ணும் இல்ல டெனிஸ். காலையிலேர்ந்து வெறும் குப்பை. வெட்கமா இருக்கு."

வெள்ளிக் காசுக்கு வெறும் வாய், குப்பைக்கு இரண்டு துண்டு கேக். டெனிஸ் வாழ்க்கையில் எத்தனையோ பேரைத் தேர்வில் தவற வைத்திருக்கிறார், ஆனால் ஒவ்வொருவருக்கும் எங்கே தவறினீர்கள் என்று சொல்லித்தான் அனுப்பியிருக்கிறார். தனக்கும் அது தெரிந்தாக வேண்டும். நேராகவே கேட்டுவிடுவது என்று முடிவு செய்தார். ஊர் என்ன நினைத்தாலும் சரி. 'தயவுசெய்து தவறாக நினைக்க வேண்டாம், மிசஸ் தர்லோ' என்பதுவரை மனதில் ஒத்திகை பார்த்துக்கொண்டே மாட்டுத் தொழுவத்தை நோக்கி நடந்தார்.

வாசலில் தோள்வரை கையுறை போட்ட ஒரு பெண் வாளித் தண்ணீரில் கை கழுவிக்கொண்டிருந்தார். மாட்டு டாக்டர். அம்மாள் உள்ளே மாட்டோடு இருக்கிறார், கொஞ்சம் பொறுங்கள் என்றார். யார் வந்திருப்பதாகச் சொல்ல வேண்டும் என்று கேட்டார்.

"கெரிட்ஜ்," என்றார் டெனிஸ். "ஞாயிற்றுக்கிழமையில இந்த மேய்ச்சல் நிலத்துல மெஷின் வெச்சுத் தேடிக்கிட்டு இருந்தவன். அந்தம்மாவுக்கு என்மேல என்ன வருத்தம்னு தெரிஞ்சுக்கலாம்னு வந்தேன்."

டாக்டர் கையைத் துடைப்பதை நிறுத்திவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஓ, நீங்கதானா அவர்? பத்து வருஷமா இந்தப் பண்ணையில ஒரு மாடுகூட ஆணி முழுங்கலையே, அது எப்படின்னு நானே ஆச்சரியப்பட்டிருக்கேன். நீங்க புது மெஷின் வாங்கினதுலேர்ந்து நான் வயித்தைத் திறந்து ஆணி எடுக்கற மூணாவது மாடு சார் இது."