கிட்டார் காணாமல்போன இரண்டாவது ஆல்பம் பற்றி மஸ்கட் மாமாவுக்கு

மஸ்கட்டில் ஊரார் வீட்டுக்கெல்லாம் ஏசி மாட்டிவிட்டுத் தான் மட்டும் வெயிலில் நிற்கும் மதிப்பிற்குரிய சுயம்பு மாமா அவர்களுக்கு, அருமனையிலிருந்து அக்கா மகன் வினோஜ் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே அம்மாவும் அத்தையும் சுகம். ரப்பர் மரங்களுக்கு மழை பிளாஸ்டிக் கட்டியாகிவிட்டது. தங்கள் சுகம் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் தெரிகிறது. போனிலேயே சொல்லலாம்தான், ஆனால் நீங்கள் நடுவில் பேசுவீர்கள். ஆகவே கடிதம். எங்கள் குழுவில் டிரம்ஸ் அடிக்கும் தேங்காய்ப்பட்டணம் ஃபாயிஸின் அண்ணன் வியாழக்கிழமை விமானம் ஏறுகிறார். நேந்திரங்காய்ச் சிப்ஸோடு இதுவும் வந்து சேரும்.

விஷயம், உங்கள் மகன் அபின் கிட்டார் வாசிக்கும் ‘வெட்டுகத்தி’ ஹார்ட் ராக் குழுவின் இரண்டாவது ஆல்பத்துக்குக் கிடைத்த வரவேற்பு. முதல் ஆல்பம் வந்தபோது கிட்டார் குளியலறைக்குள் வாசித்ததுபோல் ஒடுங்கிக் கிடக்கிறது என்று ஒருவன் இணையத்தில் எழுதினான், நீங்களும் அதை எனக்கே அனுப்பிவைத்தீர்கள், நன்றி. ஒலிப்பதிவும் ஒலிக்கலவையும் நான் என்பதால் அந்த அடி எனக்கு. எலக்ட்ரானிக்ஸ் படித்தவன் சும்மா இருப்பானா, இரண்டாவது ஆல்பத்தில் நான்கு மாதம் உட்கார்ந்து கிட்டாரை அகலமாக்கினேன். என் ஹெட்போனில் கேட்டால் ஒரு கிட்டார் அருமனையிலும் இன்னொன்று தேங்காய்ப்பட்டணத்திலும் நின்று வாசிக்கும், நடுவே நம் தலை. அபின் கேட்டுவிட்டு மறுபடியும் முதலிலிருந்து போட்டான். பிரேசிலில் ஒருவன் இணையத்தில் கேட்டு மூன்று தீ எமோஜி போட்டான். ஆனால் பிரேசில்காரன் உங்கள் கணக்கில் வரமாட்டான் அல்லவா. “காதுக்குள்ள வயரச் சொருவிக் கேக்கியது பாட்டாலே? அவன் வாசிச்சது ஊருக்குக் கேக்கணும். ஊர்க்காரங்க நாலு பேரு ‘அபினுக்க கிட்டாரு கொள்ளாம்’னு சொல்லட்டு, பொறவு அவன இங்க வேலைக்கு கூப்பிடுய விசா பேச்சே நான் எடுக்கமாட்டேன்” என்றது நீங்கள்.

சரி, ஊருக்குக் கேட்கவைத்தோம். இளைஞர் மன்ற ஆண்டு விழா, காலை பத்து மணி, ரப்பர் மரத்துக்கு ஒன்றாக ஆறு புனல்வாய்க் கோளாம்பி ஸ்பீக்கர், உபயம் சிலுவை சவுண்ட் சர்வீஸ். சிலுவை அண்ணன் உங்கள் கல்யாணத்துக்குக் கட்டிய அதே கோளாம்பிகள், அதே துரு. நான் பென்டிரைவைக் கொடுத்துவிட்டு, டிகிரியோடு, கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். முதல் பாட்டு தொடங்கியது. பாடகன் சிவபிரசாத்தின் தொண்டை கேட்டது, ஃபாயிஸின் அடி கேட்டது, கிட்டார் இல்லை. குறைவாக இல்லை மாமா, இல்லவே இல்லை. அபின் கோளாம்பிக்குக் கீழே போய் நின்று அண்ணாந்து பார்த்தான், அதற்குள் இருந்து விழும் என்று நினைத்தானோ என்னவோ. மூன்றாவது பாட்டில் அவன் இரண்டரை நிமிடம் தனியாக வாசிக்கும் இடம், ஆறு வாரம் பழகியது, விரல் வெடித்து ரத்தம் வந்தது, அத்தை மஞ்சள் வைத்துக் கட்டினாள். அந்த இடம் வந்ததும் டொக் டொக்கென்று டிரம்ஸ் மட்டும். பாட்டு முடிந்துவிட்டது என்று மன்றத் தலைவர் மைக்கைப் பிடித்து, நீல கலர் ஸ்கூட்டரை வழியிலிருந்து எடுக்கச் சொன்னார். எடுத்தார்கள். அதற்குக் கைதட்டல் வேறு.

நான் ஓடிப்போய் சிலுவை அண்ணனிடம், இந்தத் தகரங்களைக் கொண்டுபோய் ஆற்றில் போடும் என்றேன். அவர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, “மக்கா, எனக்க கோளாம்பிக்குச் சொந்தமா புத்தி கெடையாது. நீ குடுத்ததத்தான் அது பாடும்” என்றார். படித்தவனிடம் பேசுகிற பேச்சா இது.

பிறகு வந்தது வரவேற்பு. வராமல் இருந்திருக்கலாம். டீக்கடை ஜேசுதாஸ் அண்ணன் அபினின் தோளிலேயே கைபோட்டு, “வெறும் கொட்ட வச்சே பாடுனியளே, அதுக்கொரு தைரியம் வேணும்லே. போன தடவ என்னத்தையோ அரம் போட்டு ராவிட்டு இருந்திய” என்றார். பகவதி சித்தி, “நல்ல சொகமா இருந்து மக்கா. அபினுக்கு என்ன, மேலுக்கு முடியல்லியா? அவன் ஒண்ணும் வாசிக்கல்லியே” என்று அபினிடமே கேட்டாள், கண்ணாடி போடவில்லை. உள்ளூர் மாத இதழின் விமர்சகர் இன்னும் ஒரு படி மேலே போய், ‘இரண்டாவது ஆல்பத்தில் இவ்விளைஞர்கள் கிட்டாரைத் துறந்து பக்குவம் அடைந்துள்ளனர்’ என்று எழுதினார். துறந்தார்களாம். காசிக்குப் போய் விட்டுவிட்டு வந்தோம் பாருங்கள்.

அந்த வரியை அபின் இரண்டு தடவை படித்தான். கிட்டாரை உறையில் போட்டு ரப்பர் ஷீட் காயவைக்கும் அறையில் கொண்டுபோய் மாட்டினான். “மச்சான், நான் வாசிச்சாலும் வாசிக்காட்டாலும் ஊருக்கு ஒண்ணுதான். அப்பாட்ட விசா அடிக்கச் சொல்லியாச்சு” என்றான். அவன் கோபப்பட்டிருந்தால் எனக்குச் சமாளிக்கத் தெரியும், அவன் அமைதியாக ஏசி மெக்கானிக் வீடியோ பார்க்கிறான்.

ஆகவே மாமா, நான் சொல்வது இதுதான். தப்பு உங்கள் மகன் மேல் இல்லை. சிலுவை அண்ணனின் தகரம், ஊராரின் காது, விமர்சகரின் பேனா, இந்த மூன்றும் சேர்ந்து செய்த சதி. தொழில்நுட்பம் தெரிந்தவன் சொல்கிறேன், கலவையில் எள்ளளவும் பிழையில்லை. விசாவை நிறுத்துங்கள். சிலுவை சவுண்ட் சர்வீஸை இனி எதற்கும் கூப்பிடக்கூடாது என்று மன்றத்துக்கு உங்கள் கையெழுத்தில் ஒரு கடிதமும் போடுங்கள், கல்ஃபிலிருந்து வந்தால் மதிப்பார்கள்.

மண்டைக்காட்டு அம்மன் தங்களுக்கு ஆயுளையும் கம்பெனியில் நிழலான இடத்தையும் தர வேண்டுகிறேன். அம்மா கேட்டதாகச் சொல்லச் சொன்னாள், அத்தை எதுவும் சொல்லச் சொல்லவில்லை.

இப்படிக்கு,
அன்புள்ள மருமகன்,
வினோஜ்

பி.கு.: கடித உறையை ஒட்டப்போகும்போது, சிலுவை அண்ணன் பொய் சொல்கிறார் என்று நிரூபிக்க, அத்தையின் பழைய போனில் அந்த மூன்றாவது பாட்டைப் போட்டேன். அதற்கும் ஒரே ஸ்பீக்கர்தான். கிட்டார் இல்லை. கிட்டாரை அகலமாக்க, இடது காதுக்குப் போகும் சத்தத்தை அப்படியே தலைகீழாகத் திருப்பி வலது காதுக்கு வைத்திருந்தேன். இரண்டு காதுக்கும் தனித்தனியாகப் போனால் பிரமாண்டம். கோளாம்பி ஆறாக இருந்தாலும் உள்ளே போகும் வயர் ஒன்று, அது இரண்டையும் கூட்டிவிடும். கூட்டல் ஐந்தும் கழித்தல் ஐந்தும் சேர்ந்தால் என்ன மிஞ்சும் என்று ஏழாம் வகுப்புப் பிள்ளை சொல்லும். நான்கு மாதத்தில் என் ஹெட்போனைத் தவிர வேறு எதிலும் நான் கேட்டுப் பார்க்கவில்லை. கோளாம்பி கட்டாத வீடில்லாத ஊரில் பிறந்தவன்.

மன்றத்துக்குக் கடிதம் வேண்டாம். சரிசெய்த பாட்டை சிலுவை அண்ணனிடம் கொடுத்துவிட்டேன், ஞாயிற்றுக்கிழமை அதே ஆறு மரத்திலும் சும்மாவே கட்டித் தருகிறேன் என்றார், அதுதான் இன்னும் கஷ்டமாக இருக்கிறது. அபினிடம் சொல்லவில்லை. சொல்லத் தைரியம் இருந்திருந்தால் இந்தக் கடிதம் அவனுக்கல்லவா போயிருக்கும்; நீங்களே சொல்லிவிடுங்கள். கம்பெனிக்கு ஒரு ஆள் தருவதாக வாக்குக் கொடுத்திருப்பீர்கள், அது கெட வேண்டாம். சிப்ஸ் பொட்டலத்துக்கு அடியில் என் பாஸ்போர்ட் நகல் இருக்கிறது. ஹெட்போனை இங்கேயே விட்டுவிட்டு வருகிறேன்.